கதவடைத்த தாயாரும் கோபுரம் ஏறிய வெள்ளாயியும்

சரித்திர நாவல்கள் பிறந்த மண் – 12: திருவரங்கம்

சென்ற வாரம் தஞ்சாவூரில் இருந்தோம். இந்த வாரம் காவிரிக் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்துவிடுவோம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே ஏழு மதில்களுக்குள் பள்ளிகொண்டிருக்கிறார் அரங்கன். பக்தியையும் காதலையும் ஒரே கதையில் சொல்ல நினைத்த எழுத்தாளர்களுக்கு இந்தத் தீவு வாரி வாரிக் கொடுத்திருக்கிறது. விலக்கப்பட்ட காதலை இங்கே முதலில் கதையாகச் சொன்னது கோயில்தான். நாவலாசிரியர்கள் பல நூறு ஆண்டுகள் கழித்து வந்து, கோயில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எவ்வளவு தூரம் தொடர்ந்தார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

உத்திர நாளின் ஊடல்

பங்குனி உற்சவத்தில் ஆயில்ய நட்சத்திரத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் போகிறார். அங்கே கமலவல்லி நாச்சியார். சோழ மன்னனின் மகளாக வளர்ந்து அரங்கனை மணந்தவர் என்பது தல வரலாறு. இருவரும் சேர்த்தியில் எழுந்தருளுகிறார்கள். உறையூர்க்காரர்களுக்கு அது தங்கள் வீட்டுக் கல்யாணம். இரவு மாப்பிள்ளை ஊர் திரும்பிவிடுவார்.

சில நாள் கழித்து, பங்குனி உத்திரத்தன்று, நம்பெருமாள் பெரிய பிராட்டியாரின் சன்னதிக்கு வருகிறார். கதவு சாத்தப்படுகிறது. ரங்கநாயகித் தாயாரைப் ‘படிதாண்டாப் பத்தினி’ என்று ஊர் கொண்டாடும். சன்னதியை விட்டு வீதிக்கு வராதவர். அன்று அவர் கேள்வி கேட்கிறார். திருமேனி ஏன் இப்படிக் கலைந்திருக்கிறது? கண் ஏன் சிவந்திருக்கிறது? விரல் மோதிரம் எங்கே? தாயார் பக்கத்துப் பேச்சை ஒருவர் சொல்ல, பெருமாள் பக்கத்துச் சமாதானத்தை அரையர் சொல்கிறார். மோதிரம் தொலைந்தது, தேடப் போனேன், ராத்திரி கண் விழித்தேன் என்று அவரும் சாக்குச் சொல்லிப் பார்க்கிறார். அதற்குப் பதிலாகத் தாயார் பக்கத்திலிருந்து வாழைமட்டை அடியும், பூவும் பழமும் வெண்ணெயும் வந்து விழுகின்றன. மட்டையடி என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது. சாத்திரப் பெயர் பிரணய கலகம். கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். கதவு திறக்கிறது. பெருமாளும் தாயாரும் சேர்ந்து அமர்ந்து காட்சி தரும் சேர்த்தி சேவை அன்றுதான்.

அந்தச் சேர்த்தியின் முன்னால் நின்றுதான் ராமானுஜர் சரணாகதி செய்து கத்ய த்ரயத்தை அருளினார் என்பது சம்பிரதாயம். வைணவத்தின் மிகப் பெரிய சரணாகதிக்கும், ஒரு கணவன் மனைவியின் ஊடலுக்கும் ஒரே நாள், ஒரே மண்டபம். பெருமாளையே வாசலில் நிற்கவைத்து விசாரிக்கும் ஊர், மனிதர்களின் காதலைக் கண்டு முகம் சுளிக்க முடியுமா? நம் நாவலாசிரியர்களுக்கு இந்த ஊர் கொடுத்த முதல் தைரியம் இது.

நந்தவனத்துக்கு வந்த தேவதேவி

மண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர் பிரம்மச்சாரி. அரங்கனுக்குப் பூமாலை கட்டுவதே வாழ்க்கை என்று முடிவெடுத்து, திருவரங்கத்தில் நந்தவனம் போட்டார். கரம்பனூரைச் சேர்ந்த கணிகை தேவதேவி. இன்று உத்தமர்கோயில் என்று நாம் சொல்லும் ஊர்தான் கரம்பனூர்; கொள்ளிடத்துக்கு வடகரை. உறையூரில் சோழ மன்னன் முன் ஆடிவிட்டுத் தமக்கையோடு திரும்பும் வழியில், நந்தவனத்து நிழலில் இளைப்பாறுகிறாள். தன் அழகை நிமிர்ந்தும் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் விடும் ஒரு மனிதரைப் பார்க்கிறாள். அக்காவும் தங்கையும் பந்தயம் கட்டுகிறார்கள்.

தேவதேவி நகைகளைக் கழற்றிவைத்து, எளிய சேலை உடுத்தி, தோட்ட வேலைக்காரியாக வந்து சேருகிறாள். களை எடுக்கிறாள், பாத்தி கட்டுகிறாள், பூப்பறிக்கிறாள். மாதங்கள் ஓடுகின்றன. ஒரு மழை நாளில் நனைந்து நடுங்கி நிற்பவளை அவர் குடிலுக்குள் அழைக்கிறார். அதன் பிறகு மாலை கட்டும் கைக்கு வேலை மறந்துபோகிறது. கையிலிருந்த பொருள் தீர்ந்ததும் தேவதேவி போய்விடுகிறாள். அவர் அவள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறார். அப்போது அரங்கனே ஆள் வேடத்தில் போய், சன்னதிப் பொன்வட்டிலை விப்ரநாராயணர் அனுப்பியதாகச் சொல்லித் தேவதேவியிடம் கொடுக்கிறார். விடிந்ததும் வட்டிலைக் காணோம் என்று கூச்சல், விப்ரநாராயணருக்குச் சிறை. அரசன் கனவில் உண்மை தெரிந்து விடுதலை. அடியார்களின் பாதத்தூளி நான் என்று அவர் தமக்கே பெயர் வைத்துக்கொள்கிறார். தொண்டரடிப்பொடியாழ்வார் ஆகிறார்.

குருபரம்பரை நூல்கள் இந்தக் கதையில் எதையும் மூடி மறைக்கவில்லை. ஒரு சமயம் தன் பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது, அவர் கணிகை வீட்டு வாசலில் விழுந்து கிடந்த இரவையும் சேர்த்தே சொல்கிறது. அவர் பாடிய திருமாலை 45 பாசுரம்; திருப்பள்ளியெழுச்சி 10. மார்கழி விடியலில் பெருமாளைத் துயிலெழுப்ப இன்றும் அந்தக் குரல்தான் வேண்டியிருக்கிறது. தவறிய மனிதன் எழுந்து பாடிய பாட்டுக்குத் தனி வலிமை உண்டு என்பதை இந்த ஊர் அறிந்திருக்கிறது.

கதை தமிழோடு நிற்கவும் இல்லை. தெலுங்கில் சாரங்கு தம்மய்யா ‘வைஜயந்தி விலாசம்’ என்ற காவியமாக எழுதினார். 1954-இல் பரணி பிக்சர்ஸ் ‘விப்ரநாராயண’ படத்தை எடுத்தது. நாகேஸ்வர ராவ் விப்ரநாராயணர், பானுமதி தேவதேவி. காவியத்திலும் படத்திலும் தேவதேவி ஆளுமையோடு எழுந்து நிற்கிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், தயங்குகிறாள். குருபரம்பரையில் அவளுக்குக் கிடைப்பது கடைசியில் ஓரிரு வரி: அவளும் மனம் திருந்தித் தன் செல்வத்தை அரங்கனுக்குக் கொடுத்துத் தொண்டு செய்தாள். பந்தயத்துக்காகத் தோட்டத்துக்குள் வந்தவள், மாதக்கணக்கில் களை எடுத்த அந்த நாட்களில் என்ன நினைத்தாள்? எந்த நாளில் பந்தயம் மறந்துபோனது? மறந்ததா? ஆழ்வாரின் மனமாற்றத்தைப் பாசுரமாக அவரே சொல்லிவிட்டார். தேவதேவியின் மனமாற்றத்தைச் சொல்ல ஆளில்லை.

கோதுமை ரொட்டி படைக்கும் சன்னதி

மூலஸ்தானத்தைச் சுற்றிவரும் ராஜமகேந்திரன் திருச்சுற்றில், அர்ஜுன மண்டபத்தை ஒட்டி, வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன சன்னதி. உள்ளே விக்கிரகம் கிடையாது. சுவரில் எழுதிய சித்திரம்தான். துலுக்க நாச்சியார். டெல்லி சுல்தானின் மகள்.

கதையைச் சொல்வது கோயிலொழுகு. திருவரங்கம் பெரிய கோயிலின் நிகழ்ச்சிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துவந்த ஏடு அது. படையெடுப்பில் அழகிய மணவாளரின் உற்சவத் திருமேனி டெல்லிக்குப் போய்விடுகிறது. தினமும் பெருமாளைச் சேவிக்காமல் சாப்பிடாத கரம்பனூர்ப் பெண் ஒருத்தி, படைக்குப் பின்னாலேயே நடந்து டெல்லி போகிறாள். பின்சென்றவல்லி என்று அவளுக்குப் பெயர். அரண்மனைக்குள் நுழைந்து, அரசகுமாரி அந்தத் திருமேனியை விளையாட்டுப் பொம்மையாக எடுத்துப் பிரியமாக வைத்திருப்பதைக் கண்டுவருகிறாள். ஊர் திரும்பிச் செய்தி சொல்கிறாள். 60 பேர் அவளோடு டெல்லிக்குக் கிளம்புகிறார்கள். சுல்தான் முன் ஜக்கிணி ஆடுகிறார்கள். என்ன வேண்டும் என்கிறான் சுல்தான். பொன் வேண்டாம், பெருமாளைக் கொடு என்கிறார்கள்.

மகள் தூங்கும் நேரத்தில் திருமேனி கைமாறுகிறது. விழித்தவள் தேடுகிறாள், உருகுகிறாள், தெற்கே புறப்பட்டு வருகிறாள். அவள் துரத்தி வருவதை அறிந்து, கொண்டுவந்தவர்கள் திருமேனியைத் திருமலைப் பக்கம் ஒளித்துவிடுகிறார்கள். திருவரங்கம் வந்து சேர்ந்த பெண், சாத்திய கதவைத்தான் பார்க்கிறாள். அங்கேயே உயிர் பிரிகிறது. பிற்காலத்தில் பெருமாள் திரும்பியபோது அவளுக்கு இடம் ஒதுக்கி, சித்திரமாக எழுதி வழிபடவேண்டும் என்று ஆயிற்று.

இடம் கொடுத்ததோடு கோயில் நிற்கவில்லை. வந்த பெண்ணின் பழக்கத்தை அரங்கனுக்கே வைத்துவிட்டது. அவள் நினைவாகக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் பாலும் நிவேதனம். அவளுக்காகப் பெருமாள் கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு. ஆகமமும் ஆசாரமும் இவ்வளவு இறுக்கமான ஓர் இடத்தில், மாற்று மதத்துப் பெண் ஒருத்தியின் சாப்பாடும் துணியும் நித்தியப்படியில் ஏறியிருக்கின்றன. சரித்திரக்காரர்கள் இந்த அரசகுமாரியை ஆவணங்களில் தேடிக்கொண்டிருக்கலாம். எனக்கு முக்கியம் வேறு: இருமுறை சூறையாடப்பட்ட கோயில், சூறையாடியவர்களின் வீட்டுப் பெண்ணுக்கு உள்சுற்றில் இடம் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கதைக்குப் போகவேண்டும்.

1323: மதில் தாண்டிய பெருமாள்

1311-இல் மாலிக் காபூர். 1323-இல் உலூக்கான், பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பெயர் எடுத்தவன். இந்த இரண்டாவது படையெடுப்பின்போது பெருமாள் கொள்ளிடக்கரை உற்சவத்தில் இருக்கிறார். படை நெருங்கும் செய்தி வருகிறது. பிள்ளை லோகாசாரியர் தலைமையில் சிலர் உற்சவரைப் பல்லக்கில் ஏற்றித் தெற்கே கிளம்புகிறார்கள். மூலவருக்கு முன்னால் கல்சுவர் எழும்புகிறது. தாயார் வில்வ மரத்தடியில் மண்ணுக்குள் போகிறார். தங்கிவிட்ட மக்கள் வெட்டுப்படுகிறார்கள். ‘பன்னீராயிரவர் முடி திருத்திய கலகம்’ என்று அந்த நாளுக்குக் கோயில் வழக்கில் பெயர். வேதாந்த தேசிகர், சுதர்சன சூரி எழுதிய சுருதப்பிரகாசிகைச் சுவடிகளோடும், அவருடைய இரண்டு பிள்ளைகளோடும் பிணங்களுக்கு நடுவே படுத்துத் தப்பியதும் அப்போதுதான்.

பிள்ளை லோகாசாரியர் தள்ளாத வயதுப் பெரியவர். வாழ்நாள் முழுக்க பிரம்மச்சாரி. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் அவர் காலம் முடிகிறது. பெருமாள் மேலும் நடக்கிறார்: அழகர்மலை, கேரளக்கரை, மைசூர்ப் பக்கம், மேல்கோட்டை, திருமலை, செஞ்சி. விஜயநகரத்துக் குமார கம்பணரின் தளபதி கோபணார்யர் 1371-இல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார். அதைச் சொல்லும் வடமொழிச் சுலோகங்கள் கல்வெட்டாகக் கோயிலிலேயே இருக்கின்றன. இடையில் ஓடியது 48 வருடம்.

இந்த லோகாசாரியர் எழுதிய ஸ்ரீவசன பூஷணத்தில் ஒரு வாதம் உண்டு. சரண் அடைய நல்ல இடம், நல்ல நேரம், குளித்து மடியாக இருக்கும் நிலை எதுவும் தேவையில்லை என்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி திரௌபதி. சபை நடுவே இழுத்துவரப்பட்டபோது அவள் தீட்டோடு இருந்தாள், ஒற்றை வஸ்திரத்தில் இருந்தாள். அந்த நிலையிலேயே கைகூப்பினாள், பலித்தது. பெண்ணின் நிழல் படாமல் வாழ்ந்த ஒரு பிரம்மச்சாரி, சரணாகதிக்கு உதாரணம் தேடும்போது அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணிடம் போகிறார். துலுக்க நாச்சியாருக்கும், இனி வரப்போகும் வெள்ளாயிக்கும் உள்ளே நுழைய வழி கிடைத்தது இந்தத் தத்துவத்தில்தான் என்பது என் எண்ணம்.

வெள்ளாயியை எழுதிய இரண்டு பெயர்க்காரர்

வெள்ளாயி, கோயிலில் ஆடிய பெண். எம்பெருமானடியார் என்று அவர்களைச் சொல்வார்கள். பெருமாள் எந்த வழியில் போனார் என்று தேடிக்கொண்டிருந்த படைத்தலைவன் அவள் ஆட்டத்தில் மயங்குகிறான். அவள் அவனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு நாள் தாமதமும் பல்லக்கு தூக்கிப் போனவர்களுக்கு ஒரு காதம் கூடுதல் தூரம். ஒருநாள் பெருமாள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று கிழக்குக் கோபுரத்தின் உச்சிக்கு அவனை அழைத்துப் போகிறாள். அவனைத் தள்ளிவிடுகிறாள். தானும் குதிக்கிறாள். அந்த வாசலை வெள்ளைக் கோபுரம் என்று இன்றும் சொல்கிறோம்; அவள் நினைவாகத்தான் வெள்ளை அடிக்கிறார்கள் என்பது ஊர்ப் பேச்சு. எம்பெருமானடியார் குலத்தில் யார் இறந்தாலும், சிதைக்கு நெருப்பு கோயில் மடைப்பள்ளியிலிருந்து போய்வந்த அந்நாளைய வழக்கமும் அவள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

இந்தக் காலத்தை நாவலாக்கியவர் ஸ்ரீவேணுகோபாலன். ‘திருவரங்கன் உலா’, அதன் தொடர்ச்சியாக ‘மதுரா விஜயம்’. அரங்கனின் உலாவில் கூடவே நடக்கும் இளைஞர்கள், அவர்களைக் காதலித்த பெண்கள், பல்லக்கைக் காப்பதா காதலைக் காப்பதா என்ற தவிப்பு என்று பக்கம் பக்கமாக ஓடும் கதை. வைணவக் குடும்பங்களில் பாராயண நூல்களுக்குப் பக்கத்தில் இந்த நாவலுக்கும் அலமாரியில் இடம் உண்டு.

அதே கை ‘புஷ்பா தங்கதுரை’ என்ற பெயரில் வேறு உலகத்தை எழுதியது. 1976-இல் படமான ‘ஒரு ஊதாப்பூ கண்சிமிட்டுகிறது’ அந்தப் பெயரில் வந்தது. சிவப்பு விளக்குப் பகுதியில் சிக்கவைக்கப்பட்ட பெண்களைப் பற்றிய ‘என் பெயர் கமலா’வும் அந்தப் பெயரில்தான். ஒரு பெயரில் பக்தி, மறுபெயரில் பரபரப்பு என்று இரண்டாகப் பிரித்து வைத்து, முதலாவதை மட்டும் போற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரிவினையில் உடன்பாடு இல்லை. விற்கப்பட்ட பெண்ணின் அறைக்குள் போய் அவள் பேச்சைக் கேட்டு எழுதிய மனசுதான், தன் உடம்பையே ஆயுதமாக எடுக்கவேண்டி வந்த வெள்ளாயியின் இக்கட்டையும் உணர்ந்திருக்க முடியும். கமலாவை எழுதியவர் வெள்ளாயியை எழுதியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வெள்ளாயியின் கதையைக் கையில் எடுக்கும் இன்றைய எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது சுலபமாகப் பகை வளர்க்கும் கதையாக மாறிவிடும். வில்லனுக்கு ஒரு மதம், நாயகிக்கு ஒரு மதம் என்று எழுதி முடித்துவிடலாம். அதே கோயிலின் உள்சுற்றில் துலுக்க நாச்சியார் இருக்கிறார். அதே திருச்சியில் நத்தர்வலி தர்காவுக்கு எல்லா வீட்டுப் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வெள்ளாயி எதிர்த்தது கையில் வாளோடு வந்த அதிகாரத்தை. அந்த வித்தியாசம் தெரிந்து எழுதினால்தான் அவளுக்கு மரியாதை.

பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்

இங்கே நம் சரித்திர நாவல்களின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அவற்றில் ஆடும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே முடிவுதான். தியாகம். கல்கியின் சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதரைக் கணவராக வரித்துக்கொள்கிறாள். வெள்ளாயி குதிக்கிறாள். படிக்கிற நமக்குக் கண் நிறைகிறது, புத்தகத்தை மூடிவைக்கிறோம். அவள் எப்படிக் கோயிலுக்கு வந்தாள், யார் கொண்டுவந்து விட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்ததா என்று கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். வறுமையில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தாசிக் குடும்பத்துக்கு விற்கப்பட்ட குழந்தை அவர். வளர்ந்து, பொட்டுக் கட்டும் வழியை உதறி, தமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். தாசி மரபில் வளர்ந்த பெண் ஒரு மனிதரைக் கணவர் என்று சொல்வது அந்த நாளில் எவ்வளவு பெரிய மீறல்! சாமிக்கு மனைவி என்றால் ஊர் கைகூப்பும். மனிதனுக்கு மனைவி என்றால் கல்லெறியும். விலக்கப்பட்ட காதல் என்று நாவல்கள் எதை எதையோ சொல்கின்றன. உண்மையில் அந்தப் பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தது சாதாரணக் கல்யாணம்.

1936-இல் அவர் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். தாசித் தொழிலை ஒரு வியாபாரமாக, அதில் லாபம் பார்க்கும் ஆட்களோடு, உள்ளிருந்து எழுதிக் காட்டிய புத்தகம். இரண்டு வருடம் கழித்து, 1938-இல், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் அவரும் நடந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டமும், ராமாமிர்தம் மேடை மேடையாக நடத்திய போராட்டமும் சேர்ந்து 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாயிற்று.

‘திருவரங்கன் உலா’வையும் ‘தாசிகள் மோசவலை’யையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படியுங்கள் என்று சொல்வேன். ஒன்று ஆடும் பெண்ணைக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றிக் காட்டுகிறது. இன்னொன்று அவளைக் கோபுர வாசலுக்குக் கொண்டுவந்து விட்ட கைகளைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வெள்ளாயி முழுசாகத் தெரிவாள்.

அவர்கள் பேசியிருந்தால்

ராமானுஜர் இங்கே இருந்த அதே காலத்தில், பிரான்சில் அபேலார் என்ற தத்துவ ஆசிரியரும் அவருடைய மாணவி எலோயிசும் காதலித்தார்கள். ரகசியக் கல்யாணம், குழந்தை, கொடூரமான பழிவாங்கல். அவர் துறவி ஆனார். அவள் கன்னிமாடத்துக்குப் போய் அதன் தலைவியாகவே உயர்ந்தாள். எலோயிசின் கடிதங்கள் மிஞ்சின. பிரார்த்தனையின் நடுவிலும் நினைவு அவரிடமே போகிறது என்பதை அவள் மறைக்காமல் எழுதினாள். 1933-இல் ஹெலன் வாடெல் இந்தக் காதலை நாவலாக எழுதியபோது அந்தக் குரல் கையில் இருந்தது.

நமக்குத் தேவதேவியின் கடிதம் இல்லை. பின்சென்றவல்லி டெல்லி வரை நடந்த நாட்களைப் பற்றி எழுதிவைத்தவர் இல்லை. அந்த யுகத்தில் நமக்குக் கிடைக்கும் பெண்குரல் கங்காதேவியுடையது. குமார கம்பணரின் மனைவி, கணவரின் மதுரை வெற்றியை ‘மதுரா விஜயம்’ என்று வடமொழியில் பாடியவர். அந்தச் சுவடி 1916-இல்தான் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. ராணியின் குரல் ஐந்நூறு வருடத்துக்கு மேல் சுவடிக்கட்டில் கிடந்தாவது வந்து சேர்ந்தது. ஆடியவளின் குரலுக்குச் சுவடியும் இல்லை.

ஆனால் வாய்மொழி மிச்சமிருக்கிறது. உறையூர்ப் பொன்னாச்சியைப் பாருங்கள். மல்லன் உறங்காவில்லி, வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அவள் கண்ணையே பார்த்தபடி திருவரங்க வீதியில் நடந்தான். ஊர் சிரித்தது. ராமானுஜர் கண்டிக்கவில்லை, இதைவிட அழகான கண்ணைக் காட்டுகிறேன் வா என்று அரங்கன் முன் நிறுத்தினார். கணவன் மனைவி இருவருமே அவருக்குச் சீடர்கள் ஆனார்கள். பிறகொரு நாள், அவர் சொல்படி சீடர்கள் பொன்னாச்சி தூங்கும்போது நகையைக் கழற்றப் போனார்கள். ஒரு பக்கத்து நகையைக் கழற்றி முடித்ததும், மறுபக்கமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் தூக்கத்தில் புரள்வதுபோலப் புரண்டு படுத்தாள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். காதலையும் துறவையும் ஒரே கட்டிலில் வைத்துக் காட்டும் இப்படியொரு நிகழ்ச்சியைக் கற்பனையில் உண்டாக்குவது கஷ்டம். இதில் பெண் சாகவில்லை, அழவில்லை. தானே முடிவெடுத்துப் புரண்டு படுக்கிறாள். நம் சரித்திர நாவலுக்குத் தேவையான கதாநாயகி இவள்.

கோயில் தன் பங்கைச் செய்துவிட்டது. சன்னதி கொடுத்தது, ரொட்டி படைத்தது, மடைப்பள்ளி நெருப்பைக் கொடுத்து அனுப்பியது. ஆனால் அந்த மரியாதைகளில் பல, பெண் கண்ணை மூடிய பிறகு வந்து சேர்ந்தவை. அவள் உயிரோடு இருந்த நாட்களுக்கு மரியாதை செய்வது எழுத்தாளனின் கடன். அரசர் பெயரும் போர்த் தேதியும் தேடி ஏடு புரட்டுகிற அதே உழைப்போடு, பாத்தி கட்டிய தேவதேவியின் கையையும், படைக்குப் பின்னால் நடந்தவளின் காலையும் தேடுகிற நாவல் திருவரங்கத்திலிருந்து வரவேண்டும். வரும் என்று நம்புகிறேன். அதற்கான கதை இந்த ஏழு மதிலுக்குள் இன்னும் தீரவில்லை.

அடுத்த வாரம் ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டைக்குப் போகிறோம். திருச்சியிலிருந்து ஆண்ட சொக்கநாத நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டார், தஞ்சை மறுத்தது, 1673-இல் தஞ்சை நாயக்கர் ஆட்சியே முடிந்தது. அந்தப் பகையின் நடுவே ஒரு காதலை வைத்து, 1895-இல் தமிழின் முதல் சரித்திர நாவலான ‘மோகனாங்கி’யை எழுதியவர் திரிகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப் பிள்ளை. இலங்கையில் பிறந்த ஒருவர் திருச்சிக் கோட்டையின் கதையை ஏன் எடுத்தார்?

(தொடரும்)